1872-இல் நார்வேயை விட்டு வந்த ஓலே எந்த ஊர்க்காரர்?

மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் தமிழ் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். பெயர்களும் அடையாளங்களும் மாற்றப்பட்டுள்ளன.

வாசகி மதுரையில் பிறந்தவர், கணவர் அமெரிக்கர். மாமியாருக்கு எண்பது வயது. அந்த அம்மையாரின் கொள்ளுத்தாத்தா ஓலே லார்சன் 1872-இல் நார்வேயிலிருந்து வந்து, மினசோட்டாவின் மேற்குப் பகுதியில் அரசு நிலம் பெற்று விவசாயம் செய்து, 1921-இல் இறந்தவர். அவர் பெர்கன் நகரத்துக்காரர் என்றும், அங்கே நிறைய நிலபுலம் உள்ள குடும்பம் என்றும், எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி ஒருவர் அவருடைய உண்மையான பெயரை எழுதத் தெரியாமல் 'லார்சன்' என்று மாற்றிவிட்டார் என்றும் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வீட்டிலுள்ள பழைய விவிலியத்தின் முன்பக்கத்தில் அவர் பெயரும், '19 மார்ச் 1848' என்ற தேதியும், எவராலும் படிக்க முடியாத ஒரு சொல்லும் இருக்கின்றன. உறவினர் ஒருவர் இணையத்தில் ஏற்றிய வம்ச வரைபடம் இந்தக் குடும்பத்தை நார்வேயின் முதல் மன்னராகச் சொல்லப்படும் ஹரால்டு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதற்கிடையே கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர், மேற்கு நார்வேயின் சோக்ன் பகுதித் தேவாலயப் பதிவேடு ஒன்றில், 1848 மார்ச் 9 அன்று பிறந்து 19 அன்று ஞானஸ்நானம் பெற்ற ஓலே என்ற குழந்தையைக் கண்டுபிடித்திருக்கிறார். தந்தை பெயர் லார்ஸ். தாய்க்குத் திருமணமாகவில்லை.

இந்த ஓலேதான் எங்கள் ஓலேயா, ஆம் என்றால் மாமியாரிடம் இதைச் சொல்லலாமா, அவருக்குத் தெரியாமல் எச்சில் மாதிரி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா, உறவினர் ஒருவர் சொல்வதுபோல என் மகனுக்கு நார்வே குடியுரிமை கிடைக்குமா, 1500 டாலருக்கு முழு வம்சாவளியும் குலச் சின்னமும் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கலாமா என்று ஐந்து கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

புகுந்த வீட்டின் பழங்கதையை இவ்வளவு பொறுப்போடு தேடும் உங்களுக்கு என் மனமார்ந்த பாராட்டுகள். குடும்ப ஆவணங்களைத் தேடித் தருவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேடல் தடம் மாறி நிற்பதற்குக் காரணம், நீங்கள் எல்லோரும் 'லார்சன்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போவதுதான். நார்வேக் குடும்பங்களைப் பெயரைக் கொண்டு பின்தொடர முடியாது. ஓலே பிறந்த பண்ணையும் அந்தப் பண்ணை அடங்கிய திருச்சபை வட்டமும் தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். அந்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் நார்வேயில் கிடைக்காது. நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே, அமெரிக்க ஆவணங்களில்தான் கிடைக்கும்.

எல்லிஸ் தீவும் 'லார்சன்' என்ற பெயரும்

எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஓலே வந்ததாகச் சொல்லப்படும் 1872-இல் நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் காசில் கார்டன் என்ற நிலையத்தின் வழியாகச் சென்றார்கள். அது 1855 முதல் 1890 வரை இயங்கியது. எந்த நிலையமாக இருந்தாலும், அங்கிருந்த எழுத்தர்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. பயணிகள் கப்பலேறும்போதே தயாரான பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அதைப் பார்த்துச் சரிபார்ப்பதே அவர்களுடைய வேலை. அதிகாரி பெயரை மாற்றினார் என்ற கதை அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லாக் குடியேறிக் குடும்பங்களிலும் உண்டு. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பெயர் மாறியது உண்மை, அதற்கான காரணம்தான் தலைமுறைகள் கடந்ததில் திரிந்துவிட்டது.

உண்மையான காரணத்தைப் புரிந்துகொள்ள உங்கள் கணவரைவிட உங்களுக்கே அதிக வசதி இருக்கிறது. தந்தையின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, சில குடும்பங்களில் அதற்கு முன்னால் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு மிக அருகில் இருந்தது அன்றைய நார்வேக் கிராமங்களின் வழக்கம். லார்ஸின் மகன் ஓலே என்றால் 'ஓலே லார்சன்'. அவன் தங்கை மாரிட் 'மாரிட் லார்ஸ்டாட்டர்'. ஓலேவுக்குப் பிறக்கும் நில்ஸ் 'நில்ஸ் ஓல்சன்'. தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். திருமணமான பெண்ணும் தன் தந்தை பெயரையே வைத்துக்கொண்டாள். இவற்றோடு, எந்தப் பண்ணையில் குடியிருக்கிறாரோ அந்தப் பண்ணையின் பெயர் முகவரிபோல ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். நிலையான குடும்பப் பெயர் ஒன்றை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1923-இல்தான்.

அமெரிக்கா வந்தவர்கள் நிலையான பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிலர் தந்தை பெயரையும் சிலர் பண்ணைப் பெயரையும் தேர்ந்தார்கள். கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு பெயர்களோடு வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். 1977 முதல் 1981 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த, உங்கள் மாநிலத்துக்காரரான வால்டர் மொண்டேலின் குடும்பப் பெயர், சோக்ன் பகுதியின் ஃபியார்லாண்டிலுள்ள முன்டால் என்ற ஊரின் பெயர். உங்கள் ஓலேவும் 'லார்சன்' என்று தானே சொல்லிக்கொண்டிருப்பார், அதற்கு மேல் ஒரு பண்ணைப் பெயரும் அவருக்கு இருந்திருக்கும். குடும்பத்தார் 'உண்மையான பெயர்' என்று மங்கலாக நினைவில் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். விவிலியத்தில் படிக்க முடியாமல் நிற்கும் அந்தச் சொல்லை நான் ஆவலோடு பார்க்க விரும்புவது இதனால்தான். ஆகவே நார்வேயில் இன்று லார்சன் என்ற பெயருள்ள எவருக்கும் உங்கள் கணவர் குடும்பத்தோடு உறவு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

'பெர்கன்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு நார்வேயில், மலைகளுக்கிடையே உள்ளே நுழையும் கடலான ஃபியோர்டுகளின் கரைகளிலிருந்து புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிய துறைமுகம் அது. சோக்ன் பகுதி அடங்கிய மாவட்டத்துக்கே அப்போது 'நோர்ட்ரே பெர்கன்ஹூஸ்' என்றுதான் பெயர். 1919-இல்தான் அது மாறியது. அயல்நாட்டில் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டால், அறியப்பட்ட பெரிய ஊரின் பெயரைச் சொல்வது இயல்பு. ஆகவே உங்கள் ஒன்றுவிட்ட மைத்துனர் சோக்ன் பக்கம் தேடியதில் தவறில்லை, ஆனால் அந்த ஒரு காரணத்தால் கிடைத்த குழந்தை உங்கள் குழந்தை ஆகிவிடாது.

முதலில் மினசோட்டாவில் தேடுங்கள்

ஓலே 1921-இல் இறந்ததால், மாநில அளவில் பதிவான இறப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தில் பழைய இறப்புச் சான்றிதழ்களின் பட்டியலைத் தேடிப் பிரதி பெறலாம். அதில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆனால் அந்த விவரத்தைச் சொன்னவர், ஓலேவின் பெற்றோரை ஒருபோதும் பார்த்திராத, அமெரிக்காவில் பிறந்த மகனாகவோ மருமகளாகவோ இருந்திருப்பார் என்பதை மறக்க வேண்டாம். சான்றிதழின் கீழே தகவல் தந்தவர் பெயர் இருக்கும். அதைப் பார்த்த பிறகே அந்த விவரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 1900, 1910, 1920 ஆகிய மூன்றிலும் எந்த ஆண்டு குடியேறினார் என்ற கேள்வி உண்டு. மூன்றிலும் மூன்று வேறு ஆண்டுகள் இருந்தால் கலங்க வேண்டாம், அது மிகச் சாதாரணம். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-இல் நடந்த தீ விபத்துக்குப் பின் அழிந்துபோனது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப 1885, 1895-இல் மினசோட்டா மாநிலம் தானே எடுத்த கணக்குகள் உள்ளன. எதிலாவது அவர் பிறந்த நாடு 'சுவீடன்' என்று எழுதப்பட்டிருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். 1814 முதல் 1905 வரை இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர். குடியுரிமை பெறும்போது நார்வேக்காரர்கள் கைவிட்ட விசுவாசமும் 'சுவீடன், நார்வே மன்னருக்கு' உரியதே.

அரசு நிலம் பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல துருப்புச் சீட்டு. 1862-ஆம் ஆண்டுக் குடியிருப்பு நிலச் சட்டத்தின்கீழ் 160 ஏக்கர் வரை பெற்றவர், ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிர் செய்ததைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் அல்லது குடிமகனாகும் நோக்கத்தை அறிவித்திருக்க வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வீட்டின் அளவு, எத்தனை ஏக்கர் உழுதார், மனைவி மக்கள் எத்தனை பேர், குடியுரிமை அறிவிப்பை எந்த நீதிமன்றத்தில் எப்போது கொடுத்தார் என்பவை அதில் வரும். 1906-க்கு முன் எந்த உள்ளூர் நீதிமன்றமும் குடியுரிமை வழங்கலாம் என்பதால், எந்த நீதிமன்றம் என்று தெரிவதே பெரிய உதவி. கோப்பில் சாட்சி சொன்ன அண்டை வீட்டாரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நார்வேக்காரர்கள் தனித்தனியாக வந்து சிதறியவர்கள் அல்லர். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டவர்கள் ஒரே வட்டாரத்தில் குடியேறினார்கள், முன்னால் வந்தவர் எழுதிய கடிதத்தை நம்பிப் பின்னால் வந்தவர் அதே ஊருக்கு வந்தார். ஓலேவின் சொந்த ஊர் எங்கும் பதிவாகாமல் போயிருந்தாலும், அவருக்குச் சாட்சி சொன்னவர், அவர் பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள், கல்லறையில் அடுத்த வரிசையில் இருப்பவர்கள் ஆகியோரில் மூவரின் ஊர் ஒன்றாக இருந்தால், ஓலேவின் ஊரும் அதன் அருகில்தான் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, நார்வேக்காரர்களின் புராட்டஸ்டன்ட் பிரிவான லுத்தரன் சபையின் பதிவேடுகளை. நார்வேக் குடியேறிகள் நிறுவிய சபைகளின் போதகர்கள் நார்வே மொழியிலேயே ஏடுகளை எழுதினார்கள்; பல சபைகளில் முதல் உலகப் போர்க் காலம் வரை இது தொடர்ந்தது. உறுப்பினர் பட்டியலிலும் அடக்கப் பதிவிலும் பிறந்த இடத்தை நாட்டின் பெயரோடு நிறுத்தாமல், நார்வேயின் எந்தத் திருச்சபை வட்டம் என்றே எழுதிய போதகர்கள் பலர். ஊர் போதகருக்கு விளங்கும் என்பதால் எழுதினார். அமெரிக்க அரசு எழுத்தருக்கு விளங்காது என்பதால் அவர் எழுதவில்லை. ஒரு எச்சரிக்கை: 1917-இல் பெரும்பான்மைச் சபைகள் இணையும் வரை நார்வே லுத்தரன்கள் பல பிரிவுகளாக இருந்தார்கள், ஒரே ஊரில் எதிரெதிரே இரண்டு நார்வேக் கோவில்கள் இருந்ததுண்டு. ஒன்றில் ஓலே இல்லை என்றால் மற்றதையும் பாருங்கள். மூடப்பட்ட சபைகளின் ஏடுகள் பெரும்பாலும் அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபையின் காப்பகத்தில் நுண்படச் சுருளாக உள்ளன. விஸ்கான்சினின் மேடிசன் நகரில் நார்வே-அமெரிக்க வம்சாவளி ஆய்வுக்கென்றே ஒரு மையமும் நூலகமும் இயங்குகின்றன. அயோவாவின் டெக்கோராவில் 1874 முதல் 1972 வரை வெளிவந்த 'டெக்கோரா போஸ்டன்' என்ற நார்வே மொழிச் செய்தித்தாளின் இறப்புச் செய்திகளையும் விட்டுவிடாதீர்கள்.

1872-ஆம் ஆண்டின் பயணம்

கப்பல் பட்டியலைத் தேடுவதில் நீங்கள் பல மாதங்களைச் செலவிட்டிருப்பது தெரிகிறது. பெர்கன் துறைமுகக் காவல்துறை வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேடு 1874-இல்தான் தொடங்குகிறது. உங்கள் ஓலே 1872-இல் புறப்பட்டிருந்தால் அதில் இருக்க வாய்ப்பே இல்லை. கிறிஸ்டியானியா என்று அப்போது அழைக்கப்பட்ட ஓஸ்லோவிலும் ட்ரோண்ட்ஹைமிலும் 1867 முதல் ஏடுகள் உள்ளன, ஆனால் மேற்குக் கரைக்காரர் அங்கே போய்க் கப்பலேறியிருப்பது அரிது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் வந்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் பெர்கனிலிருந்து நியூயார்க்குக்கு நேரடிச் சேவையும் இருந்தது. கனடாவின் கியூபெக் துறைமுகத்தில் இறங்கி ஏரிகள் வழியாக வந்த நார்வேக்காரர்களும் மிகப் பலர், அங்கே 1865 முதலான பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவற்றில் 'ஓலே லார்சன், வயது 24, நார்வே' என்ற வரியை நீங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சந்திப்பீர்கள். எது உங்களவர் என்று சொல்ல அந்த வரிக்கு வலிமை இல்லை. ஊர் தெரிந்த பிறகு, அந்த ஊர்த் தேவாலய ஏட்டின் 'வெளியேறியவர்கள்' பகுதியைப் பார்ப்பது பயன் தரும். கப்பலைத் தேடுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

பதிவேட்டில் கிடைத்த குழந்தை

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பிறந்த தேதி ஏட்டில் 9, விவிலியத்தில் 19. ஏட்டின் ஞானஸ்நானத் தேதியும் 19. குடும்பத்தார் ஞானஸ்நான நாளையே நினைவில் வைத்து எழுதியிருக்கலாம், 1848 மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. அந்த ஞாயிறு நார்வேயின் எத்தனையோ கோவில்களில் ஓலே என்ற பெயரில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கும் என்பதும் அதே அளவு உண்மை. ஓலே, லார்ஸ் இரண்டுமே அங்கே தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்த பெயர்கள். எனவே இவர் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். அந்த முயற்சி தோற்றால்தான் நம்பிக்கை வைக்கலாம்.

நார்வே அரசின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'டிஜிட்டலார்கிவெட்' என்ற இணையக் காப்பகத்தில் தேவாலய ஏடுகளின் படங்களும் கணக்கெடுப்புகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதலில் அந்தத் திருச்சபையின் அடக்கப் பதிவைப் பாருங்கள். அக்காலத்தில் குழந்தை இறப்பு அதிகம், அந்த ஓலே இரண்டு வயதிலேயே இறந்திருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. அடக்கப் பதிவில் அவர் இல்லையென்றால், 1862 முதல் 1864 வரையான திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவுகளைப் பாருங்கள். நார்வேயில் 1736 முதல் திடப்படுத்தல் அனைவருக்கும் கட்டாயமாக இருந்ததால், பதினான்கு பதினைந்து வயதில் ஒவ்வொருவரும் மீண்டும் ஒருமுறை ஏட்டில் தோன்றுவார்கள். பெற்றோர் பெயர், குடியிருந்த பண்ணை, அம்மை குத்திய விவரம், வேதபாடத்தில் தேர்ச்சி வரை அதில் இருக்கும். அடுத்தது 1865 கணக்கெடுப்பு. நாடு முழுவதும் எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிவு செய்த அந்தக் கணக்கில், பதினேழு வயது ஓலே ஏதோ ஒரு பண்ணையில் மகனாகவோ வேலையாளாகவோ இருப்பார். கடைசியாக 1875 கணக்கெடுப்பு: அந்த ஓலே அப்போதும் நார்வேயிலேயே இருந்தால் அவர் உங்களவர் அல்லர்.

ஏடுகளைப் படிக்கும்போது சில தடைகள் வரும். எழுத்து பழைய கோதிக் கையெழுத்து. அதற்கு முந்தைய நூற்றாண்டு ஏடுகளில் தேதிக்குப் பதிலாகத் திருநாள்களைக் கொண்டு ஞாயிறுகளைக் குறித்திருப்பார்கள். பல வட்டாரங்களுக்குப் போதகர் ஏட்டோடு கோவில் உபதேசியார் வைத்திருந்த இரண்டாம் பிரதியும் உண்டு. தீயில் இரண்டும் ஒன்றாக அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, இரவில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விதி செய்தார்கள். ஒன்றில் மை மங்கிய இடம் மற்றொன்றில் தெளிவாக இருக்கலாம். ஒரு பண்ணைப் பெயர் கிடைத்தவுடன் வரைபடத்தில் கண்ணில் படும் முதல் இடத்தில் நின்றுவிடாதீர்கள். ஹாகென், பக்கென் போன்ற பெயர்களில் நாடு முழுவதும் எண்ணற்ற இடங்கள் இருக்கின்றன.

நிலபுலம் உள்ள குடும்பம் என்ற கதையையும் இந்த ஏடுகளே தீர்த்து வைக்கும். பண்ணையின் பெயரைத் தாங்கியவர் எல்லாம் பண்ணையின் சொந்தக்காரர் அல்லர். பண்ணை ஓரத்தில் ஒரு துண்டு நிலமும் குடிலும் பெற்று, அதற்கு ஈடாக உழைப்பைக் கொடுத்த 'ஹுஸ்மன்' என்ற குடிவாரக்காரர்களும் அதே பெயரால் அழைக்கப்பட்டார்கள். 1850-களில் நிலத்துண்டு பெற்ற அவர்களின் எண்ணிக்கை மட்டுமே அறுபதாயிரத்துக்கு மேல். 1801-இல் சுமார் 8.8 லட்சமாக இருந்த நாட்டின் மக்கள்தொகை 1865-இல் சுமார் 17 லட்சமாயிற்று. உழுவதற்குரிய நிலமோ மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பங்கு, அதுவும் மூத்த பிள்ளைக்கே போகும். ஓலே ஏன் புறப்பட்டார் என்பதற்கு அண்ணனோடு சண்டை போன்ற வேறு காரணம் எதுவும் தேவையில்லை. 1865 கணக்கெடுப்பில் வீட்டுக்கு எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதை விதைத்தார்கள் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்கும்போது அந்த வீட்டின் நிலை உங்களுக்குத் தெளிவாகப் புரியும், மன்னர் வம்சம் என்ற வரைபடம் தரும் பெருமையைவிட எனக்கு அது எத்தனையோ மடங்கு மதிப்புள்ளதாகப் படுகிறது.

அந்த வரைபடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குடியானவர் குடும்பத்தைத் தேவாலய ஏடுகளைக் கொண்டு 1700-ஐ ஒட்டிய காலம் வரை பின்தொடர முடிந்தாலே அது நல்ல பேறு. 1660-களில் ஆண்களை மட்டும் கணக்கெடுத்த பட்டியல்களும், வாரிசுச் சொத்துப் பிரிவினை ஏடுகளும் சில குடும்பங்களை இன்னும் சற்றுப் பின்னே கொண்டுபோகும். அதற்கும் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மன்னர் வரை ஏணி போட்டவர்கள் ஒவ்வொரு படிக்கும் ஆவணம் காட்ட வேண்டும். காட்டாத படியிலிருந்து மேலே உள்ள எதையும் உங்கள் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

மாமியாரும் மரபணுவும்

சகோதரி, அவருக்குத் தெரியாமல் எச்சில் மாதிரி எடுக்கும் எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் மரபணுவைச் சோதிப்பது சில அமெரிக்க மாநிலங்களில் சட்டப்படி தண்டனைக்குரியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவருடைய உடலின் தகவல் அவருடையது, அது அவருடைய சகோதர சகோதரிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றிய தகவலும்கூட. எதிர்பாராத உறவுகளை, எதிர்பாராத உறவின்மையை அது வெளிக்கொணரலாம் என்பதை எடுத்துச் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். உங்கள் கணவரைவிட ஒரு தலைமுறை மூத்தவர் என்பதால் அவருடைய சோதனைக்கே மதிப்பு அதிகம். ஆனால் அது என்ன செய்யும் என்பதில் மிகை எதிர்பார்ப்பு வேண்டாம். 'நார்வே இத்தனை சதவீதம்' என்ற எண் எந்தப் பண்ணையையும் காட்டாது. ஓலேவின் உடன்பிறந்தார் வழியில் இன்று நார்வேயில் இருக்கும், உங்கள் மாமியாரின் தலைமுறையினரோடு பொருந்தினால் அது வலுவான துணைச் சான்று. பொருந்தாவிட்டால் உறவில்லை என்று முடிவு கட்ட முடியாது, அந்தத் தூரத்து உறவினரில் பத்தில் ஒருவரிடம் பொதுவான பகுதி எதுவும் சோதனையில் தென்படாது. உறவுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஒதுங்கிய பள்ளத்தாக்குகளில் இதற்கு நேர்மாறாக, தூரத்து உறவு நெருங்கிய உறவுபோலத் தோன்றும்.

திருமணமாகாத தாய் என்ற செய்தியை, நிரூபணம் ஆவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டாம். யாரோ ஒரு ஓலேவின் கதைக்காக அவர் மனம் வருந்துவதில் பொருளில்லை. நிரூபணமானால் மறைக்கவும் வேண்டாம். எண்பது வயதுப் பெண்மணி தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் தாமாக முடிவு செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கும். 'பழைய ஏடுகளில் நமக்குப் பிடிக்காத செய்தி கிடைத்தால் சொல்லலாமா அம்மா' என்று பொதுவாகக் கேட்டு, அவர் பதிலின்படி நடந்துகொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டு நார்வேக் கிராமங்களில் திருமணத்துக்கு முன் குழந்தை பிறப்பது அரிதான செயலாக இருக்கவில்லை; போதகர் அதைக் குறித்துவிட்டுத் தந்தையின் பெயரையும் எழுதினார், பின்னாளில் அந்த இருவரே மணந்துகொண்டதும் உண்டு. உங்கள் மாநில ஆளுநராகவும் பிறகு நெடுங்காலம் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் இருந்த க்னூட் நெல்சன், நார்வேயின் எவாங்கரில் திருமணமாகாத தாய்க்குப் பிறந்து, 1849-இல் சிறுவனாக அவளோடு கப்பலேறியவர். தாய் அமெரிக்காவில் மணந்த நில்ஸ் என்பவர் பெயரிலிருந்தே 'நெல்சன்' வந்தது. இந்த உதாரணம் மாமியாருக்கு ஆறுதல் தருவதோடு, ஆய்வாளராக உங்களுக்கும் ஒரு குறிப்பைத் தருகிறது: ஓலேவின் 'லார்ஸ்' அவரைப் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வளர்த்தவராகவும் இருக்கலாம்.

ஏடுகள் இன்னும் நூறாண்டு அங்கேயே இருக்கும். மாமியாரின் நினைவு அப்படி இல்லை. இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து, ஒப்புதலோடு பேச்சைப் பதிவு செய்து, பெட்டியிலுள்ள புகைப்படங்களில் இருப்பவர் யார் யார் என்று பென்சிலால் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

குடியுரிமையும் 1500 டாலரும்

இவ்விரண்டுக்கும் பதில் சுருக்கமானது. நார்வேச் சட்டப்படி வம்சாவளிக் குடியுரிமை, குழந்தை பிறக்கும்போது தாயோ தந்தையோ நார்வேக் குடிமக்களாக இருந்தால் கிடைப்பது. ஓலே அமெரிக்கக் குடிமகனானவர், அவருக்குப் பின் நான்கு தலைமுறை அமெரிக்காவில் பிறந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த வழியில் உரிமை இல்லை. 2020 ஜனவரி முதல் நார்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதித்ததைத்தான் உங்கள் உறவினர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அது பிற வழிகளில் தகுதி பெற்றவர் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை என்பதே தவிர, முன்னோரைக் காட்டிக் கோரும் புது உரிமை எதையும் தரவில்லை. மகன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விரும்பினால் மற்ற எல்லோரையும்போல அதற்குரிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

குலச் சின்னம் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நார்வே 1821-இலேயே பிரபுத்துவத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிய நாடு. சாதாரணக் குடியானவர் குடும்பங்களுக்குக் குலச் சின்னம் இருப்பது அரிது, 'லார்சன்' என்ற பெயருக்கு அப்படி ஒன்று இருக்கவே முடியாது. கோதிக் கையெழுத்தைப் படிக்க உதவி தேவைப்பட்டால், மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆய்வாளரை, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் அமர்த்துங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஏட்டின் பெயர், பக்கம், படத்தின் இணைப்பு ஆகியவற்றைத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்ணை உறுதியான பிறகு, அந்த வட்டாரத்துக்கென எழுதப்பட்ட 'பிக்டபோக்' என்ற ஊர் வரலாற்று நூல் இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணை பண்ணையாக, அங்கே வாழ்ந்த தலைமுறைகளைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யும் நூல்கள் இவை. 'அமெரிக்கா போனார்' என்று ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதை அவற்றில் அடிக்கடி காணலாம். அந்த நூலையும் தொகுப்பு என்றே கருதி மூல ஏட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு விரும்பினால் அந்த ஊர் நூலகத்துக்கோ உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ எழுதி, இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்குக் கடிதம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தில் ஓலேவின் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், புறப்பட்ட ஆண்டு, ஒரு புகைப்படப் பிரதி ஆகியவற்றை மட்டும் வையுங்கள். திருமணமாகாத தாய் என்ற செய்தியை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். அது அவர்கள் குடும்பத்தின் செய்தியும்கூட, அதைப் பேசுவதா என்பதை அவர்கள் பதில் வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.